மதுரையில் எடுக்காத படம் இன்னும் மிச்சம் இருக்கிறதா?

3 ஜனவரி 2025, கே.கே. நகர்த் தம்பி கேட்டது

கேமரா வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. மதுரைப் படம் எதைப் பார்த்தாலும் ஏற்கெனவே பார்த்த மாதிரியே இருக்கிறது. கோபுரத்துக்குப் பின்னால் சூரியன், வாடிவாசலில் பாய்கிற காளை, தங்கக் குதிரையில் அழகர், யானைமலைக்கு முன்னால் பச்சை வயல், திருமலை நாயக்கர் மஹால் தூண்களுக்கு நடுவே சிவப்புச் சேலை. போட்டிக்கு அனுப்பினால் நடுவர்களும் இதையெல்லாம் நிறையப் பார்த்தாச்சு என்கிறார்கள். இந்த ஊரில் எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்து முடித்துவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. வேறு ஊருக்குத்தான் போக வேண்டுமா?

4 ஜனவரி

போங்கள், யார் வேண்டாம் என்றது. ஆனால் எடுத்து முடித்தாகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மீனாட்சியம்மன் கோயில் பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, பின்னால் தெற்குக் கோபுரம் தெரிய எடுத்த குடும்பப் படம் மதுரையில் எத்தனை வீட்டில் இருக்கும்? நம் புகைப்பட ஆட்கள் யாரும் அதை ஒரு படமாகவே மதித்ததில்லை, டூரிஸ்ட் படம் என்று தள்ளிவிடுவோம். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. மார்ச்சிலிருந்து கோயிலுக்குள் கைப்பேசியே கூடாது என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு பிறந்த மதுரைப் பிள்ளைகளுக்கு அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்த படம் கிடையாது. சீட்டு வாங்கிக்கொண்டு ஆளாளுக்கு உள்ளே எடுத்துத் தள்ளிய நாட்களில் இதை யார் நினைத்தோம்?

சலித்துப்போன படம் என்று நீங்கள் சொல்லும் பட்டியலில் அடுத்து எது இப்படி ஆகப்போகிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் அதையே எடுங்கள். எடுத்த தேதியையும் நின்ற இடத்தையும் எழுதி வையுங்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான், மீதியெல்லாம் வளவளப்பு.

4 ஜனவரி, இரவு

"அப்படியென்றால் ஆதார் படம் எடுக்கிறவர்தான் பெரிய கலைஞரா" என்று வில்லாபுரத்து நண்பர் கேட்டிருக்கிறார். சிரித்துவிட்டேன். இல்லை. ஆனால் அவர் எடுப்பதில் தேதி இருக்கிறது, நம்முடையதில் இல்லை.

9 ஜனவரி

தேதியில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். சரி, ஒரு வெள்ளைக்காரரை இழுத்து வருகிறேன்.

கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த ராணுவ அதிகாரி. 1858-ல் மதுரைக்கு வந்து கோயில், புது மண்டபம், மஹால், தெப்பக்குளம், விளக்குத்தூண் என்று வரிசையாக எடுத்தார். மெழுகு ஏற்றிய தாள்தான் நெகட்டிவ். ஒரு படத்துக்கு லென்ஸ் நிமிஷக் கணக்கில் திறந்திருக்க வேண்டும், அதனால் நடந்து போனவர்கள் யாரும் படத்தில் பதியவே இல்லை. ஊர் காலியாகக் கிடந்தது போலத் தெரியும். காலியாக இல்லை, நின்றவர்கள் மட்டும் பதிந்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது கவனியுங்கள். அந்தப் படங்களை அழகுக்காக யாரும் தேடுவதில்லை. (அழகும்தான், ஆனால் அது அடுத்த விஷயம்.) மஹாலைப் பிற்பாடு நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோது பழுது பார்த்தார்கள். ட்ரைப் எடுத்தது அதற்கு முன்னால். எது பழைய சுதை, எது பின்னால் பூசியது என்று சண்டை வந்தால் அவர் படத்தைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். இன்ன இடம், இன்ன வருஷம் என்று அச்சடித்து ஒட்டியிருப்பதால்தான் அது முடிகிறது. அதே படம் பெயரில்லாமல், தேதியில்லாமல் ஒரு பழைய டிரங்குப் பெட்டியில் கிடைத்திருந்தால் "ஏதோ ஒரு இடிந்த அரண்மனை" என்று விற்றிருப்பார்கள்.

விளக்குத்தூண் படத்தையும் தேடிப் பாருங்கள். கோட்டைச் சுவரை இடித்து ஊரை வெளியே விரித்த கலெக்டர் பிளாக்பர்னுக்காக வைத்த தூண் அது. இன்றைக்கு ஜவுளிக்கடைப் பைகளுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நிற்கிறது. தினமும் அதைச் சுற்றிப் போகிறோம். நம்மில் யாராவது எடுத்திருக்கிறோமா?

10 ஜனவரி

இரண்டு பேர் எடுத்திருக்கிறார்கள். ஒன்றில் தூணைவிட முன்னால் நிற்கும் பைக் நன்றாக வந்திருக்கிறது, பைக் அவருடையதாம். அதுவும் இருக்கட்டும். இன்னும் முப்பது வருஷம் கழித்து அந்த பைக்கை வைத்துத்தான் வருஷத்தைக் கண்டுபிடிப்பார்கள்.

17 ஜனவரி

பொங்கல் முடிந்தது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்று ஊர் ஜல்லிக்கட்டுக்கும் போனவர்கள் படங்களைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் பாலமேட்டுக்கு மட்டும் போனேன். நெரிசலில் என் முழங்கைக்கும் முன்னால் நின்றவர் முதுகுக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில் எடுத்ததுதான், பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இன்று ஒரு பழைய படம் பார்த்தேன். "அலங்காநல்லூர், 2016" என்று போட்டிருந்தது. நல்ல படம், காளையின் நான்கு காலும் தரையில் இல்லை. ஆனால் 2016-ல் அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டே நடக்கவில்லை! 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, 2015 பொங்கலும் 2016 பொங்கலும் வாடிவாசல் பூட்டித்தான் கிடந்தது. 2017 ஜனவரியில் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் உட்கார்ந்தார்களே, அதற்குப் பிறகு பிப்ரவரியில்தான் திறந்தார்கள். எடுத்தவர் மேல் கோபமில்லை. ஆனால் இந்தப் படம் இப்படியே சுற்றினால், தடைக் காலத்தில் திருட்டுத்தனமாக நடத்தினார்கள் என்று நாளைக்கு எவனாவது கட்டுரை எழுதிவிடுவான்.

இன்னொன்று. வீரர்கள் எண் போட்ட பனியன் போட்டிருக்கிறார்களா, வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறார்களா, தடுப்பு இரண்டு அடுக்கா ஒன்றா என்று பார்த்தாலே ஏறக்குறைய எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம். "அதே காளை, அதே வாடிவாசல்" என்றீர்களே தம்பி, அந்தப் படத்தில் மாறிக்கொண்டே இருப்பது காளையைச் சுற்றி இருப்பதெல்லாம். இப்போது அலங்காநல்லூர் பக்கத்துக் கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக்கென்று பெரிய அரங்கமே வந்துவிட்டது, 2024 ஜனவரியில் திறந்தார்கள். அங்கே எடுக்கும் படத்தில் பின்னணியில் மண் வீட்டு மாடியும் அதில் தொங்கிக்கொண்டிருக்கும் சனமும் வராது.

18 ஜனவரி

படத்துக்காரர் பதில் போட்டிருக்கிறார், நல்ல மனுஷன். 2016 என்பது படம் எடுத்த வருஷமில்லை, பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிய வருஷம். ஃபோல்டருக்கு அந்தப் பெயர் வைத்துவிட்டார். எடுத்தது தடைக்கு முந்தைய ஏதோ ஒரு பொங்கல், 2012 அல்லது 2013 என்கிறார், அவர் வீட்டம்மா 2011 என்கிறாராம். கோப்புக்குள்ளேயே தேதி இருக்குமே, பாருங்கள் என்றேன். பார்த்தார். 2005 ஜனவரி 1, நள்ளிரவு 12.07. அந்தக் கேமராவை அவர் அப்போது வாங்கவே இல்லை.

எல்லோரும் இன்று ஒரு வேலை செய்யுங்கள். கேமராவின் கடிகாரத்தைத் திறந்து பாருங்கள். பேட்டரியை நெடுநாள் கழற்றி வைத்தால் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்து, தேதி முதலுக்குப் போய்விடும். கல்யாண வேலையில் இரண்டு மூன்று கேமரா வைத்து எடுக்கிறவர்களுக்கு இது தெரியும், கடிகாரம் ஒத்துப்போகாவிட்டால் தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை அழைப்பு வரும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவும் சுருங்கும், உள்ளே இருக்கும் தேதியும் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். இதை எத்தனை முறை சொல்லியும் "அண்ணே, குட் மார்னிங்" என்று எழுதிய படத்தையே அனுப்புகிறார்கள்.

25 ஜனவரி

அரிட்டாபட்டிச் செய்தி எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்துவிட்டது. இந்த மாதத் தொடக்கத்தில் மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்குத் திரண்டு வந்த சனத்தை எடுத்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறீர்கள். அந்தப் படங்களைக் கலைத்துவிடாமல் ஊர் ஊராகப் பிரித்துப் பெயரோடு வையுங்கள். முகத்தைவிடப் பதாகையில் எழுதியிருந்த ஊர்ப் பெயர் தெரியும் படங்கள் முக்கியம். எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பது அதில்தான் இருக்கிறது.

அரிட்டாபட்டியைப் பற்றி நமக்கு முதலில் சொன்னது பறவைப் படக்காரர்கள்தான் என்பதை மறக்க வேண்டாம். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு என்று அவர்கள் பாறைக்குக் கீழே மணிக்கணக்கில் உட்கார்ந்து எடுத்ததை எல்லாம் நாம் ஒரு லைக் போட்டுவிட்டுப் போயிருக்கிறோம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோதும், பிறகு சுரங்கப் பேச்சு வந்தபோதும், அங்கே என்ன இருக்கிறது என்று காட்ட அந்தப் படங்கள் கையில் இருந்தன.

26 ஜனவரி

ஒரு திருத்தம் வேண்டும், நான் சொன்னதற்கு நானே. எல்லாவற்றுக்கும் இடம் எழுதுங்கள் என்றேன். பறவைக் கூட்டுக்கு எழுதாதீர்கள். திருநகர் அண்ணன் போனில் கூப்பிட்டுச் சொன்னார், அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கூடு இருக்கும் பாறை எது என்று ஒருவர் எழுதினால் அடுத்த ஞாயிறு அங்கே கூட்டம் கூடிவிடும், ட்ரோன் தூக்கிக்கொண்டு ஒருவர் வருவார், தாய்ப்பறவை எழுந்து போனால் முட்டையோ குஞ்சோ வெயிலில் கிடக்கும். வல்லூறுகளுக்கு இது கூடு கட்டும் பருவம் வேறு. தேதியை எழுதுங்கள், இடத்தை உங்கள் நோட்டில் மட்டும் எழுதுங்கள், வெளியே போடும்போது "மேலூர் வட்டம்" போதும். கைப்பேசியில் எடுத்தால் இருப்பிடத்தையும் சேர்த்துப் பதியும், அதை அணைத்துவிட்டு எடுங்கள்.

12 பிப்ரவரி

தெப்பத்துக்கு எல்லோரும் ஒரே பக்கத்தில் நின்றிருக்கிறீர்கள். மேற்குக் கரை தவிர மற்ற மூன்று கரைக்கும் ஆள் இல்லையா?

தெப்பக்குளத்தில் தண்ணீர் இருப்பது புதுசாகப் பார்க்கிறவர்களுக்குச் சாதாரணமாகத் தெரியலாம். முன்பெல்லாம் திருவிழாவுக்கு மட்டும் தண்ணீர் விடுவார்கள், தண்ணீர் இல்லாத வருஷம் தெப்பம் நகராமல் நிற்கும் நிலைத் தெப்பம். மீதி நாளெல்லாம் அது விளையாட்டு மைதானம், ஒரே சமயத்தில் எத்தனையோ கிரிக்கெட் மேட்ச் நடக்கும், எந்தப் பந்து எந்த மேட்ச் என்று அவர்களுக்கே குழப்பம் வரும். அப்போது புகைப்படக்காரர்கள் நாங்கள் என்ன செய்தோம்? தண்ணீர் வரும் வரை காத்திருந்தோம்! வெறும் குளத்தை எடுத்து என்ன பிரயோசனம் என்று பையை மூடி வைத்தோம். இப்போது பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வருகிறது, கரையில் மாலையில் உட்கார இடம் கிடைப்பதில்லை, அந்தக் கிரிக்கெட் படத்தைத் தேடினால் கையளவுதான் சிக்குகிறது. அதுவும் பெரும்பாலும் விளையாடியவர்களே எடுத்தது.

புது மண்டபமும் அப்படித்தான். யாளிக்கும் நாயக்கர் சிலைக்கும் நடுவே தையல் மெஷின் ஓடிய காலத்தில், தையல்காரர்கள் வராமல் சிலையை மட்டும் எடுக்க என்ன பாடுபட்டோம்! கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்குப் போய்விட்டன. இப்போது ஒரு கேட்லாக் அச்சிடலாம் போல வெறும் சிலைப் படங்கள்தான் எல்லோரிடமும் இருக்கின்றன. பள்ளி ஆண்டு விழாவுக்குக் கட்டபொம்மன் உடுப்பு தைத்துக் கொடுத்தவர் எந்தத் தூணுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார் என்று காட்ட என்னிடம் ஒரே ஒரு படம், அதிலும் அவர் பாதிதான்.

13 பிப்ரவரி

கே.கே. நகர்த் தம்பி: "அப்போ சிலையை எடுக்கவே கூடாதா?" எடுங்கள் சாமி. தையல்காரரை நகரச் சொல்லாமல் எடுங்கள்.

24 பிப்ரவரி

ஞாயிற்றுக்கிழமை நடை நன்றாக முடிந்தது. எதிர்பார்த்ததைவிட ஆள் வந்தார்கள், அதில் பாதிப் பேர் கைப்பேசியோடு, ஒருவர் பேத்தியோடு. காலை விடிந்ததும் விளக்குத்தூணில் தொடங்கி, பத்துத்தூண் சந்து, மஹால் வெளிப்பக்கம், பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு தெப்பக்குளம். ஜவுளிக்கடைகள் திறப்பதற்கு முன் விளக்குத்தூணைச் சுற்றி நிற்க முடிகிறது. பத்து மணிக்கு மேல் போனால் ட்ரைப்பே வந்தாலும் ட்ரைபாட் வைக்க முடியாது.

அவர் நின்ற இடத்தைக் கண்டுபிடித்து அதே மாதிரி எடுப்பது என்று போட்டி வைத்தோம். ஆளாளுக்கு லென்ஸைப் பற்றிப் பேசினார்கள், அந்தக் காலத்துக் கேமராவுக்கு இந்தக் காலத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்று. அது தேவையே இல்லை. எது எதை மறைக்கிறது என்பதை முடிவு செய்வது நாம் நிற்கும் இடம் மட்டும்தான், லென்ஸ் எவ்வளவு உள்ளே வரும் என்பதைச் சொல்லும், அவ்வளவே. தெப்பக்குளத்தில் இது சுலபம். நடு மண்டபத்துக்குப் பின்னால் மூலைச் சிறு கோபுரம் எவ்வளவு மறைகிறது என்று பழைய படத்தில் பாருங்கள், கரையோரம் நடந்துகொண்டே வாருங்கள், அதே அளவு மறையும் இடத்தில் நில்லுங்கள். அகலமாக எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். அந்தப் பேத்திதான் முதலில் கண்டுபிடித்தாள், தாத்தா இன்னும் ஆப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

விளக்குத்தூணில் முடியவில்லை. சுற்றி இருந்த எதுவும் அப்போது போல இல்லை, கோணம் பிடிக்கப் பின்னால் ஒன்று வேண்டுமே. அதனால் தூணைச் சுற்றி நான்கு திசையிலிருந்தும் எடுத்து, எந்தத் திசை என்று எழுதி வைத்தோம். பின்னால் வருகிறவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

16 மார்ச்

பெரிய ஸ்டூடியோக்களைப் பற்றி யாரோ கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு சின்ன ஸ்டூடியோ கதை சொல்கிறேன், மாசி வீதிக்குள்ளே மாடியில் இருந்தது, ஊர்ப் பெயர் தெருப் பெயர் இதற்கு மேல் வேண்டாம்.

அந்த அண்ணாச்சி இருட்டறை காலத்து ஆள். நெகட்டிவில் பென்சிலை வைத்து முகத்துப் பருவை எடுப்பார், இப்போது ஆப் செய்வதை அவர் முனை சீவிய பென்சிலில் செய்தார், ஆனால் ஆளை வேறு ஆளாக்க மாட்டார். கடையைக் காலி செய்யும்போது உதவிக்குப் போனேன். ஒவ்வொரு நெகட்டிவும் தாள் உறையில், உறைமேல் ஓர் எண், அந்த எண்ணுக்கு ரிஜிஸ்டரில் பெயர், தெரு, தேதி, எத்தனை காப்பி, அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி எவ்வளவு. பாக்கி தராதவர் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு. நான் பார்த்த மதுரை ஆவணங்களில் அதைவிடச் சுத்தமான ஒன்று கிடையாது.

ஆனால் நெகட்டிவில் பாதி ஏற்கெனவே போய்விட்டது. வெள்ளி எடுக்கிறவர் மூட்டையாகக் கேட்டிருக்கிறார், எடைக்குப் போட்டிருக்கிறார். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வெள்ளி உண்டே. அதற்கு முந்தைய கண்ணாடி நெகட்டிவை அவர் அப்பா சுரண்டிக் கழுவிச் சாமி படத்துக்குச் சட்டம் போட்டிருக்கிறார், கண்ணாடிக்குக் காசு கொடுக்க வேண்டாமே! கோபப்பட முடியவில்லை, இடம் வாடகை கேட்கும். மிச்சம் இருந்ததில் சில கட்டுகளைத் திறந்ததும் காடி வாசம் மூக்கில் ஏறியது. அந்த வாசம் வந்தால் ஃபிலிம் அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், மற்றதோடு சேர்த்து வைத்தால் அதையும் கெடுக்கும். தனியாகப் பிரித்து, முதலில் அதைத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும்.

உங்கள் தெருவில் பழைய ஸ்டூடியோ மூடினால் நெகட்டிவை மட்டும் கேட்காதீர்கள். ரிஜிஸ்டரைக் கேளுங்கள். அது இல்லாத நெகட்டிவ் வெறும் தெரியாத முகங்கள்.

17 மார்ச்

"அந்த முகங்களை எல்லாம் நெட்டில் போடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அவர்கள் ஸ்டூடியோவுக்கு வந்தது பெண் பார்க்க அனுப்பவும் பாஸ்போர்ட்டுக்கும். வீட்டார் கிடைத்தால் அவர்களிடம் கொடுங்கள்.

இன்னொரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், முதல் உரிமை எடுக்கச் சொன்னவருக்குத்தான். கல்யாண ஆல்பத்தைக் கேட்காமல் விளம்பரத்துக்குப் போடும் நம் ஆட்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

8 ஏப்ரல்

உரிமை பற்றிப் பேசிய வாய் மூடவில்லை, அதற்குள் இது. போன வருஷம் நான் எடுத்த அழகர் படம் ஒரு பிறந்தநாள் ஃபிளெக்ஸில் வந்திருக்கிறது. குதிரை என்னுடையது. குதிரைக்கு மேலே வலப்பக்கம் கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர் சிரிக்கிறார், யார் என்று சொல்ல மாட்டேன், எங்கள் ஏரியாவில் நடமாட வேண்டும். கீழே வாழ்த்துவோர் என்று ஒரு தெருவே இருக்கிறது. எடுத்தவன் பெயர் மட்டும் இல்லை.

நண்பர்கள் ஆறுதலாக "அண்ணே, உங்க படம்தான் மதுரையிலேயே பெரிய சைஸ்ல பிரிண்ட் ஆனது" என்கிறார்கள். உண்மைதான். பிரிண்டும் மோசமில்லை.

4 மே

சித்திரைத் திருவிழா வந்துவிட்டது, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். 8-ஆம் தேதி திருக்கல்யாணம், 9 தேர், 11 எதிர்சேவை (ஊருக்குள் வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்பது), 12 அதிகாலை அழகர் வைகை ஆற்றில் இறங்குவது.

ஆற்றுக்குள் இடம் கிடைக்குமா என்று கேட்காதீர்கள். 2022-ல் அந்த நெரிசலில் இரண்டு உயிர் போனது, கேமரா வைத்திருப்பதால் நமக்குத் தனி மூச்சு கிடையாது. ஏ.வி. பாலத்தில் நின்றுவிடலாம் என்றும் கணக்குப் போடாதீர்கள், அன்று காவல்துறை விடுகிற இடம்தான் இடம். முதல் தடவை வருகிறவர்களுக்கு என் சிபாரிசு எதிர்சேவை. மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம் வரை மண்டகப்படி மண்டகப்படியாக நின்று நின்று வருவார், ஒரு இடத்தில் விட்டாலும் அடுத்த இடத்தில் பிடிக்கலாம்.

தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் லென்ஸைப் பார்த்தால் இன்னும் உற்சாகமாவார்கள். மோட்டார் வைத்துப் பீய்ச்சக்கூடாது, தோல் பைதான் என்று உத்தரவு இருந்தாலும் தோல் பைத் தண்ணீரும் தண்ணீர்தான். பிளாஸ்டிக் கவரும் ரப்பர் பேண்டும் போதும், விலை உயர்ந்த ரெயின் கவர் வேண்டாம். லென்ஸைக் கூட்டத்துக்குள் மாற்றவே மாற்றாதீர்கள்.

இறங்கும் நேரம் சூரியன் வரலாமா வேண்டாமா என்று யோசிக்கும் நேரம். ஒரு பக்கம் ஃபிளட் லைட் மஞ்சள், இன்னொரு பக்கம் வானத்து நீலம், நடுவில் தங்கக் குதிரை. கேமரா தன்னிஷ்டத்துக்கு நிறம் முடிவு செய்யும். RAW கோப்பாக எடுங்கள், நிறத்தைப் பிறகு நாமே சரி செய்துகொள்ளலாம்.

5 மே

நிறம் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி இறங்குகிறார் என்பதை வைத்து ஊரே அந்த வருஷத்துக்குக் கணக்குப் போடும், பச்சை என்றால் விளைச்சல். சில வருஷம் முன்பு ஒருவர் எடிட்டிங்கில் இழுத்த இழுப்பில் பச்சை ஏதோ நீலமாகி, எங்கள் தெருப் பாட்டி "என்னடா இது, வருஷம் எப்படி இருக்கப்போகுதோ" என்று கவலைப்பட ஆரம்பித்துவிட்டார். மழை பெய்தது, விளைந்தது, பாட்டியின் சந்தேகம் மட்டும் தீரவில்லை.

எடிட்டிங்கே தப்பு என்று சொல்லவில்லை. ட்ரைப்பே தன் தாள் நெகட்டிவில் தூரிகையால் வானத்தைத் தொட்டுச் சரி செய்தவர்தான், மேகம்கூட வரைந்திருக்கிறார். ஆனால் தூணைக் கூட்டவில்லை, கோபுரத்தைக் குறைக்கவில்லை. பட்டின் நிறம் வானம் இல்லை, அது தூண்.

13 மே

வந்து படுத்தவன் இப்போதுதான் எழுந்தேன். கால் வீங்கியிருக்கிறது.

கே.கே. நகர்த் தம்பி அனுப்பியதைப் பார்த்தேன். அழகர் ஒரு படத்தில்கூட இல்லை, கொஞ்சம் அதிகமாகவே என் பேச்சைக் கேட்டுவிட்டார் போல. மொட்டை போட்டுக்கொண்டு சந்தனத்தோடு நிற்கும் குடும்பம், மண்டகப்படியில் விசிறி வீசுகிறவர், விடிந்ததும் ஆற்று மணலில் செருப்பு தேடும் சனம், தோல் பை தைக்கிறவர் கை. ஒவ்வொன்றிலும் இடம், நேரம், எந்தத் திசை பார்த்து என்று எழுதியிருக்கிறார். தோல் பை தைக்கிறவர் படம் போட்டியில் ஜெயிக்குமா தெரியாது, ஜெயிக்கலாம். போட்டிகளைப் பற்றி ஜனவரியிலிருந்து நான் முகம் சுளித்துக்கொண்டிருந்தாலும், அந்தச் சுளிப்பில் தோற்ற கடுப்பும் கொஞ்சம் உண்டு என்று வில்லாபுரத்து நண்பர் சொல்வதை முழுசாக மறுக்க முடியவில்லை.

ஆனால் தம்பி, அழகரையும் ஒன்று எடுத்திருக்கலாம். 2020-லும் 2021-லும் அவர் வைகைக்கு வரவே இல்லை. வந்த வருஷம் எல்லாம் ஒரு படம் இருக்கட்டும்.

21 மே

"ஒரே இடம், வெவ்வேறு வருஷம்" தொகுப்புக்கு வந்த படங்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். விளக்குத்தூண், தெப்பக்குளம் போதும். சமணர் மலைத் தாமரைக் குளம் போதுமோ போதும், வறண்ட கோடையில் எடுத்தது இருந்தால் மட்டும் அனுப்புங்கள். வைகையில் இரண்டு கரைச் சாலை வருவதற்கு முந்தைய படம், துணி துவைத்துக் காயப்போட்டது தெரிய, வேண்டும். மஹாலில் மழை நாள் படம் ஒன்றும் வரவில்லை.

பழைய பெரியார் பஸ் ஸ்டாண்ட், ஸ்மார்ட் சிட்டி வேலைக்கு இடிப்பதற்கு முன்னால் இருந்தது, வெளிப்பக்கம் நிறைய வந்துவிட்டது. உள்ளே, பஸ் நிற்கிற இடத்திலிருந்து கடைகளைப் பார்த்து எடுத்தது யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், கலங்கியிருந்தாலும் பரவாயில்லை, செல்ஃபியாக இருந்தாலும் பின்னால் கடைப் பலகை தெரிந்தால் போதும். டாக்குமெண்டாக.